ஃபில்டரைத் தட்டினால் விழுவது யாருடைய தூசி?

"தோட்டத்து ஓட்டோக்காரனுக்கு வண்டியை ஓட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது."

பதுளை டவுனில் இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று எங்களுக்கே கணக்கில்லை. கராஜில் கேட்டோம். பார்ட்ஸ் கடையில் கேட்டோம். புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற கார்க்காரர் வாயிலும் கேட்டோம். கடைசியில் எங்க கூட்டத்திலேயே ஒருத்தர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கம்பஸுக்குப் போனவர். அன்றைக்குத்தான் இதை எழுதியே ஆகணும் என்று முடிவு பண்ணினோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். போன ஆகஸ்ட் லீவு. எங்களில் ஒருத்தருடைய அம்மாயிக்கு இரவு பத்து மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தோட்டம் பசறைப் பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வரணும் என்றால் கல்லும் புழுதியுமான ரோட்டில் ஏறித்தான் வரணும். பக்கத்து லயத்து அண்ணன் கேட்டவுடனேயே ஓட்டோவை எடுத்தார். மூன்றாவது முடக்கில் வண்டி இழுக்கவில்லை. அம்மாயியை உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டு பேர் இறங்கித் தள்ளினோம். பின்னால் கறுப்பாய்ப் புகை. எப்படியோ ரோட்டுக்கு வந்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாயி நல்லா இருக்கிறார்.

மறுநாள் கராஜில் பாஸ் எயார் ஃபில்டரைக் கழற்றி நிலத்தில் தட்டினார். சிவப்பு மண் ஒரு கைப்பிடிக்குக் கொட்டியது. அப்போதுதான் அந்த வசனம் வந்தது. அண்ணன் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் சொன்னார்: "பன்னிரண்டு நாளைக்கு முன்னாடிதான் தம்பி ஊதி மாட்டினேன்."

எங்க சண்டை இந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றியது.

வண்டியின் கையேட்டில் எயார் ஃபில்டருக்கு ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை சுத்தம் செய், இத்தனைக்கு ஒரு தடவை மாற்று. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், தூசி அதிகமான இடங்களில் இதைவிட அடிக்கடி செய் என்று இருக்கும். எங்க ஊர் முழுக்க அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் இருக்கிறது. பெரிய எழுத்தில் இருப்பது கார்பட் ரோட்டுக்காரருடைய கணக்கு.

எஞ்சின் மூச்சு விடுகிற அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று அந்த ஃபில்டருக்குள்ளால் போகணும். அந்தக் காற்றில் இருக்கும் மண் சாதாரண அழுக்கு இல்லை. மலைநாட்டுப் பாறையில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. குவார்ட்ஸ் இரும்பைக் கீறக்கூடியது. மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தத் துகள் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உரைதாள் போட்டுத் தேய்க்கிற மாதிரித்தான். ரிங் தேய்ந்தால் ஒயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும், கடைசியில் எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

ஃபில்டர் அடைத்துவிட்டால் நடப்பது வேறு. கார்புரேட்டர் வண்டியில் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும். இழுவை போகும், புகை கறுக்கும். இதற்கு மேல் எங்க உயரமும் சேர்ந்துகொள்கிறது. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குக் கிட்ட. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கீழ்நாட்டுக்கு டியூன் பண்ணின கார்புரேட்டர் மலைக்கு வந்தாலே பெற்றோல் கூடித்தான் எரியும். அதில் அடைத்த ஃபில்டரும் சேர்ந்தால் மூன்றாவது முடக்கில் நிற்காமல் என்ன செய்யும்?

அடைத்த ஃபில்டர் பெற்றோலை வாரிக் குடிக்கும் என்று சொல்கிறவர்களும் முழு உண்மை சொல்வதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009-ல் கார்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. இன்றைய ஃபுவல் இன்ஜெக்‌ஷன் கார்களில் எரிபொருள் செலவு பெரிதாக மாறவில்லை, வேகம் எடுக்கும் சக்திதான் குறைந்தது. பழைய கார்புரேட்டர் காரில்தான் 2 முதல் 6 சதவீதம் வரை வித்தியாசம் வந்தது. ஓட்டோவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நாங்க அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 2022-ல் கியூ.ஆர். வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. 5 லீற்றரில் 6 சதவீதம் என்றால் 300 மில்லிலீற்றர். அந்த நாட்களில் அந்த 300 மில்லிலீற்றருக்கு என்ன மதிப்பு என்று அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள்.

சரி, பன்னிரண்டு நாளில் ஒரு கைப்பிடி மண் எங்கிருந்து வந்தது?

ஊவா தேயிலை உலகம் முழுக்கப் பேர் வாங்கியது கச்சான் காற்றால். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று மலையில் அடிக்கும்போது கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறுகிறது. அந்த மூன்று மாசத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மரியாதை. அதே காற்றுத்தான், அதே மூன்று மாசத்தில், தோட்டத்து ரோட்டுப் புழுதியைக் கிளப்பி வண்டி ஃபில்டரிலும் எங்க மூக்கிலும் கொண்டுவந்து போடுகிறது. வாசத்துக்கான காசு போகிற இடம் வேறு, ஃபில்டருக்கான காசு வருகிற பாக்கெட் வேறு.

பேராதனையிலிருந்து பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி வரைக்கும் போகிற ஏ5 வீதியில் நின்று பாருங்கள். தார் ரோட்டில் வருகிற ஓட்டோ தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் தாரும் திடீரென்று முடிந்துபோகும். கல், பள்ளம், புழுதி. மழை வந்தால் சேறு. அந்த எல்லைக்கோட்டைப் போட்டது மலையும் இல்லை, மழையும் இல்லை. அது சட்டத்தில் இருந்த கோடு.

1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. பக்கத்துக் கிராமத்துக்கு ரோடு போடும் சபை, தோட்டத்து மக்களுடைய வாக்கையும் வாங்கித்தான் அமைந்தது. ஆனால் ரோடு என்று கேட்டால், "அது தோட்டம், கம்பனியைக் கேளு" என்பார்கள். கம்பனியைக் கேட்டால் கொழுந்து லொறி போகிற அளவுக்கு ரோடு இருக்கிறது என்பார்கள். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-ல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறிக்கொண்டே வந்தது. ரோடு மட்டும் யாருடைய பொறுப்பும் ஆகவில்லை.

2018-ல் அந்த 33-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. இது சின்ன விசயம் இல்லை. முப்பத்தொரு வருசம் இருந்த தடை எடுபட்டது. அதற்காகப் பேசியவர்கள், எழுதியவர்கள், பாராளுமன்றத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்கிறோம். ஆனால் "செலவழிக்கக் கூடாது" என்பதை எடுத்துவிட்டால் மட்டும் தார் வந்து கொட்டிவிடாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6-ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆகவே சட்டம் தடுக்கிறது என்ற பதிலும் செல்லாது, ஆள் இல்லை என்ற பதிலும் செல்லாது.

இனிப் புகைப் பரிசோதனைக்கு வருவோம். 2008-லிருந்து நடக்கிறது. வருசா வருசம் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள், பெற்றோல் வண்டிக்குக் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் பார்ப்பார்கள். நல்ல விசயம்தான். நாங்க அதற்கு எதிரி இல்லை. புகை விடுகிற வண்டியால் முதலில் இருமுகிறது லயத்துப் பிள்ளைதான். ஆனால் வருசத்தில் ஒரு நாள் வண்டியைப் பரிசோதிக்கிற அரசு, மற்ற 364 நாளும் அந்த வண்டி ஓடுகிற ரோட்டை யார் பரிசோதிக்கிறது என்று சொல்லணும். வண்டி ஃபெயிலானால் ஓட்டுகிறவர் காசு கட்டித் திருத்துகிறார். ரோடு ஃபெயிலானாலும் அவரேதான் காசு கட்டுகிறார், ஃபில்டராகவும் ரயராகவும் ஷொக் அப்சோபராகவும். ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரைக்கும், 1,350 ஆவதற்கு 2024 வரைக்கும் போராட வேண்டியிருந்த வீடுகள் இவை. ஃபில்டர் விலையை நாள் சம்பளத்தோடு வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு எங்க பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ரோட்டைத் திட்டிவிட்டு நாங்க செய்கிற தப்பை மறைக்க முடியாது.

முதல் தப்பு, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடுவது. "ஃபில்டர் இல்லாட்டி நல்லா இழுக்கும்" என்று பெடியன்கள் சொல்வார்கள். அடைத்த ஃபில்டரோடு பார்த்தால் இழுக்கத்தான் செய்யும். ஆனால் நம்ம ரோட்டில் அப்படி ஓடுவது எஞ்சினுக்குள் மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. ஒரு ஃபில்டர் காசை மிச்சம் பிடித்துவிட்டு எஞ்சின் வேலைக்குக் கடன் எடுத்தவர்களை நாங்க பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது தப்பு, கொம்பிரசரை எடுத்து வெளிப்பக்கத்திலிருந்து முழு பிரஷரில் அடிப்பது. மண் வெளிப்பக்கத்தில்தான் படிந்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தே அடித்தால் அது கடதாசிக்குள்ளே இன்னும் ஆழமாகப் போய் இறங்கும், கடதாசியும் கிழியும். முதலில் மெதுவாகத் தட்டணும். பிறகு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த காற்றில், கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊதணும். அப்புறம் உள்ளே ஒரு டோர்ச்சை அடித்து வெளியே பார்க்கணும். ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். ஓரத்து ரப்பர் வெடித்திருந்தாலும் அப்படித்தான், காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, கடதாசி ஃபில்டரைப் பெற்றோலில் கழுவுவது. தண்ணியிலும் கழுவக் கூடாது, பெற்றோலிலும் கூடாது. ஸ்பொஞ்ச் ஃபில்டர் என்றால் வேறு கதை. சவர்க்காரத் தண்ணியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் ஒயில் விட்டுப் பிசைந்து, மிச்ச ஒயிலைப் பிழிந்துவிட்டு மாட்டலாம். ஒயில் இல்லாத ஸ்பொஞ்ச் நுண்ணிய தூசியைப் பிடிக்காது.

இன்னொன்று எங்களுக்கே புதுசாக இருந்தது. கொஞ்சம் தூசி படிந்த கடதாசி ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாகத் தூசி பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு சல்லடை மாதிரி வேலை செய்யும். ஆகவே பயந்துபோய் நாளுக்கு நாள் கழற்றி ஊதுவதும் தப்புத்தான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் கொஞ்சம் மண் உள்ளே போகிற வாய்ப்பு இருக்கிறது, ஒவ்வொரு ஊதலிலும் கடதாசி பலம் குறைகிறது. கச்சான் மாசங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கலாம், மழை மாசங்களில் அதைவிடக் குறைவாகப் போதும். இழுவை குறைந்தால், புகை கறுத்தால், கிலோமீற்றரை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே பார்க்கணும். இரண்டு மூன்று தடவை ஊதினதை மறுபடி ஊதாமல் மாற்றிவிடணும். இது எங்க ஊர்ப் பாஸ்மார் இரண்டு மூன்று பேரோடு பேசி நாங்க எடுத்துக்கொண்ட கணக்கு. உங்க ரோட்டுக்கு உங்க கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது தப்பு எங்களை மாதிரிக் கலைப்பீடக்காரர்களுடையது. நாங்க நவகாலனியம் பற்றி முப்பது பக்கம் எழுதுவோம். சொந்த ஊர் அண்ணன் கையில் இருக்கிற வண்டிக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது எங்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. எங்களிடம் பாசை இருந்தது, அவரிடம் வண்டி இருந்தது, இரண்டும் ஒரே லயத்தில் பத்து வருசம் பேசாமல் இருந்தன. "பார்க்கத் தெரியாது" என்று சொல்வதற்கு முன்னால், தெரிந்துகொள்ள அவருக்கு எந்தப் பாசையில் என்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்ளணும். பராமரிப்புப் பகுதியை மட்டும் நாலு பக்கத் தமிழில் எழுத எங்களில் மூன்று பேர் ஆரம்பித்துவிட்டோம். பாஸ்மார் சொல்லும் சொற்களைத்தான் போடுகிறோம். "காற்று வடிகட்டி" என்று எழுதினால் கராஜில் யாருக்கும் விளங்காது.

கடைசியாக ஒரு கேள்வி. எஞ்சினுக்குள் தூசி போகக் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கம்பனிக் கணக்கில் லொறியின் ஃபில்டருக்கு ஒரு வரி இருக்கும், ஏனென்றால் லொறி எஞ்சின் போனால் நட்டம். அந்த லொறியின் பின்னால் புழுதியைக் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைக்கும், ட்ரெக்டர் பெட்டியில் நின்றுகொண்டு மலைக்குப் போகிற அம்மாமாருக்கும், ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் நிற்கிறவர்களுக்கும் அந்தக் கணக்கில் எத்தனை வரி? அம்மாயிக்கு மூச்சு இழுத்தது எதனால் என்று டாக்டர்தான் சொல்லணும், நாங்க சொல்லவில்லை. ஆனால் அவர் நாற்பது வருசம் கொழுந்து எடுத்துவிட்டு நடந்து வந்த ரோடும், அண்ணனுடைய ஃபில்டரை அடைத்த ரோடும் ஒன்றுதான்.

அதனால் வாசிக்கிறவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்க பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பசறையோ, லுணுகலையோ, ஹாலிஎலவோ, பண்டாரவளையோ, அப்புத்தளையோ, எதுவாக இருந்தாலும் சரி. மூன்று கேள்விகள் போதும். 2018 திருத்தத்துக்குப் பிறகு எந்தெந்தத் தோட்ட ரோட்டுக்குச் சபை நிதி செலவழித்தது? எவ்வளவு? அடுத்த வருசத் திட்டத்தில் எந்தத் தோட்ட ரோடு இருக்கிறது? தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லியாகணும். தமிழிலேயே எழுதலாம். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தோட்டம் தோட்டமாக இங்கே போடுவோம். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள், அதையும் போடுவோம்.

எங்க தோட்டத்து விண்ணப்பத்தை நாங்க எழுதி முடித்துவிட்டோம். கையெழுத்துப் போட்ட முதல் ஆள் ஓட்டோ அண்ணன். போட்டுவிட்டு, "இதோட அந்த மண்ணையும் ஒரு பேக்ல கட்டி அனுப்புவமா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். நாங்க இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.